‘புரோகிராம் செய்தே தருகிறோம்’ என்று விற்கும் டிஎம்ஆர் ரேடியோ: புது ஹாம்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் ரேடியோ வாங்கத் துடிக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். “ரேடியோவும் ஹாட்ஸ்பாட்டும் சேர்த்து, முழுக்க புரோகிராம் செய்தது, ஆன் பண்ணிப் பேச வேண்டியதுதான்” என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஹாட்ஸ்பாட் என்பது ரேடியோவை வீட்டு இணையத்தோடு சேர்க்கும் சின்னக் கருவி. அந்த செட்டை வாங்கி நான் ஏமாந்தேன். ரேடியோ நல்ல ரேடியோதான், அதைச் செய்த கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. பித்தலாட்டம் முழுவதும் விற்றவர் அதற்குள் ஏற்றித் தந்த புரோகிராமில் இருந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை.

வாங்கும்போது பேச்சு தேனாக இருந்தது. “சார், டிஎம்ஆர் எல்லாம் சாதாரண ஹேண்டி மாதிரி கிடையாது. கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக்குரூப்னு நூறு விஷயம் இருக்கு. நீங்க தலையைப் பிச்சுக்க வேணாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றார். ரேடியோ விலைக்கு மேல் புரோகிராமிங் சார்ஜ் 3,500 ரூபாய். டிஎம்ஆர் ஐடி எடுத்துத் தர தனிக் கட்டணம். நூறு விஷயம் இருப்பது உண்மைதான். 2005-ல் வெளிவந்த டிஎம்ஆர் தரநிலை வணிக நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஹாம்கள் அதைப் பின்னால்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் பழைய எஃப்எம் ஹேண்டியைப் போல அலைவரிசையைத் தட்டிவிட்டுப் பேசிவிட முடியாது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலை 30 மில்லிசெகண்டு வீதம் இரண்டு டைம் ஸ்லாட்டாகப் பிரிக்கிறார்கள். கலர் கோடு என்பது ஒரு நிலையத்தைப் பக்கத்து நிலையங்களிலிருந்து பிரித்துக்காட்டும் எண், 0 முதல் 15 வரை. டாக்குரூப் என்பது பலர் சேர்ந்து பேசும் குழுவின் எண். எந்த ஸ்லாட், எந்தக் கலர் கோடு, யாருக்குப் பேச்சு, யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சேனலுக்கும் கணினியில் எழுதி ரேடியோவுக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கோப்புதான் கோட்பிளக். புதியவர்களுக்கு இதைப் பார்த்தால் மலைப்பு வரும். அந்த மலைப்பை வைத்துத்தான் இவர் பிழைப்பு நடத்துகிறார்.

செட் வந்தது. நம் பக்கம் டிஎம்ஆர் ரிப்பீட்டர் (சமிக்ஞையை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) எட்டும் தூரத்தில் இல்லாதவர்கள்தான் அதிகம். வீட்டு வைஃபையில் இணைத்த சின்ன ஹாட்ஸ்பாட் வழியாகத்தான் பேச முடியும். ஆன் செய்ததும் பச்சை விளக்கு எரிந்தது, 91 என்ற உலகளாவிய டாக்குரூப்பில் குரல்கள் வந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தி என் கால்சைனை (லைசென்ஸோடு வந்த அடையாளப் பெயரை) சொன்னேன். எதிர்ப்பக்கம் பேசியவர் ஒரு நிமிடம் தயங்கி, “ஓஎம் (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்), நீங்கள் சொல்லும் கால்சைன் வேறு, என் ரேடியோ திரையில் தெரியும் கால்சைன் வேறு. எதைப் பதிவேட்டில் எழுதுவது?” என்று கேட்டார். திரையில் என்ன தெரிகிறது என்று வாசிக்கச் சொன்னேன். அது விற்றவருடைய கால்சைன், விற்றவருடைய பெயர்.

இதில் இருக்கும் ஆபத்து புதியவர்களுக்குப் புரிய வேண்டும். டிஎம்ஆர் ரேடியோ பேசும்போது குரலோடு சேர்த்து ஓர் ஏழு இலக்க எண்ணையும் அனுப்புகிறது. அதுதான் டிஎம்ஆர் ஐடி. நம் நாட்டு ஐடிகள் 404 என்று தொடங்கும், இலங்கைக்கு 413, மலேசியாவுக்கு 502. லைசென்ஸ் நகலை, இந்த ஐடிகளைப் பதிவு செய்து தரும் ரேடியோஐடி தளத்தில் ஏற்றினால், சரிபார்த்து நம் கால்சைனோடு இணைத்து ஓர் எண் தருகிறார்கள். காசு கிடையாது. இவர் என்னிடம் அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு, விண்ணப்பமே போடாமல், தன் ஐடியையே என் ரேடியோவில் ஏற்றியிருந்தார். அடுத்தவர் ஆதாரில் சிம் வாங்கி நம் கையில் கொடுத்தது போலத்தான் இதுவும். நான் பேசியதெல்லாம் உலகம் முழுக்க அவர் பெயரில் பதிவாகிறது. எனக்கென்று யாராவது தனி அழைப்பு விட்டால் என்னிடம் வராது. அரசாங்கம் எனக்கு ஒரு கால்சைன் தந்திருக்க, என் ஒலிபரப்பு இன்னொருவர் அடையாளத்தோடு போகிறது. நாளை ஒரு விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியது பிடிடியை அழுத்திய நான்தான்.

அப்புறம் ஹாட்ஸ்பாட். ஹாட்ஸ்பாட்டுக்கு அந்த ஏழு இலக்கத்தோடு இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்து ஒன்பது இலக்க எண் வைக்கலாம். ஒருவர் வீட்டில் இரண்டு மூன்று ஹாட்ஸ்பாட் இருந்தால் குழப்பம் வராமலிருக்க 01, 02 என்று கொடுப்பதற்காக உள்ள வசதி அது. என்னுடையது 07 என்று முடிந்தது. ஹாட்ஸ்பாட்டுகளை இணைக்கும் பிராண்ட்மெய்ஸ்டர் வலையமைப்பின் தளத்தில் அந்த ஐடியைப் போட்டுப் பார்த்தால், அதே ஏழு இலக்கத்தின் கீழ் வேறு ஊர்களில் வேறு ஹாட்ஸ்பாட்டுகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. ஒவ்வொன்றும் என்னைப் போல ஆசையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஒருவருடையதாக இருக்கலாம். தங்கள் கால்சைன் எங்குமே தெரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

விற்றவருக்குப் போன் செய்தேன். “அதெல்லாம் டெம்பரரி சார், மாத்திடலாம்” என்றார். மாற்றவில்லை. நானே மாற்றிக்கொள்கிறேன், கோட்பிளக் கோப்பையாவது அனுப்புங்கள் என்றேன். “அது எங்க உழைப்பு சார், குடுக்க மாட்டோம்.” சரி, கேபிளைச் செருகி ரேடியோவிலிருந்தே படித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், கணினித் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார். ஹாட்ஸ்பாட்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்டையும் மாற்றி வைத்திருந்தார். என் வீட்டு வைஃபையில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஒரு கருவிக்கு, வீட்டுக்காரனான எனக்குச் சாவி இல்லை, எங்கோ இருக்கும் விற்பனையாளரிடம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் ஹாட்ஸ்பாட் இணைப்பதை நிறுத்தியது. நெட் சரியாகத்தான் இருந்தது. கேட்டால், “சர்வர் சந்தா முடிஞ்சிருச்சு சார், வருஷத்துக்கு 2,400 கட்டணும்” என்றார். இது பச்சைப் பொய். பிராண்ட்மெய்ஸ்டர் தன்னார்வலர்கள் நடத்தும் வலை. அதில் கணக்குத் தொடங்கவும் ஹாட்ஸ்பாட் இணைக்கவும் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஹாட்ஸ்பாட் இணைய ஒரு பாதுகாப்பு பாஸ்வேர்டு வேண்டும். அதை அந்த ஐடிக்குச் சொந்தக்காரர் தன் கணக்கில் தானே வைத்துக்கொள்கிறார். ஐடி அவருடையது என்பதால் பாஸ்வேர்டும் அவர் கையில். அதை மாற்றினால் என் கருவி வெளியே நிற்கும். சந்தா கட்டியவர்களுக்குப் புது பாஸ்வேர்டைப் போட்டுத் தருகிறார். தன் ஐடியைக் கொடுத்ததற்கான காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோம்பலில் செய்த வேலை இல்லை, வருடா வருடம் பணம் வரச் செய்த ஏற்பாடு.

பணம் கட்டவில்லை. பக்கத்து ஊரில் பல வருடமாக ஹாமாக இருக்கும் ஒரு பெரியவரிடம் ரேடியோவை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேபிளைத் தொடவே இல்லை. ரேடியோவின் மெனுவிலேயே ஜோன் எனும் சேனல் தொகுப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதல் ஜோனில் சிகாகோ, ஹூஸ்டன் என்று அமெரிக்க ரிப்பீட்டர்கள். அங்கே 440 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஹாம்களுக்கு இடம் உண்டு. நமக்கு இந்த யுஎச்எஃப் பகுதியில் 434 முதல் 438 வரைதான். அந்த சேனல்களில் கை தவறி பிடிடி அழுத்தினாலும் நம் எல்லைக்கு வெளியே ஒலிபரப்பியதாகிவிடும். அடுத்த ஜோனைத் திறந்தார். “கேட் 1, கேட் 2, பேஸ்மென்ட், கன்ட்ரோல் ரூம்.” பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “தம்பி, இது ஏதோ செக்யூரிட்டி கம்பெனிக்குப் போட்ட கோப்பு. அதுக்கு மேலயே உங்க சேனலை ஒட்டிக் குடுத்திருக்கான்” என்றார். அந்த அலைவரிசைகளுக்கு லைசென்ஸ் யாரோ ஒரு நிறுவனத்திடம் இருக்கும். நம் கையில் அவை இருக்கவே கூடாது.

பிறகு என் வீட்டுக்கும் நண்பர் வீட்டுக்கும் நேரடியாகப் பேசப் போட்டிருந்த சேனலைப் பார்த்தார். இதில் நான் பேசினால் நண்பருக்குத் தண்ணீருக்குள் பேசுவது போன்ற கரகர சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆன்டெனா சரியில்லை, வேறு வாங்குங்கள் என்று அதற்கும் விற்றவர் ஓர் ஆலோசனை சொல்லியிருந்தார். பெரியவர் அந்த சேனலின் விவரத்தைத் திறந்து பார்த்தால் என்க்ரிப்ஷன் (மறையாக்கம்) ஆனில் இருந்தது. காவலாளிகள் பேச்சை வெளியார் கேட்காமலிருக்க வைத்ததை அப்படியே நகல் எடுத்திருக்கிறார். ஹாம் ரேடியோவில் பேச்சின் பொருளை மறைத்து அனுப்பக் கூடாது. எங்கோ ஓரத்தில் எழுதிய விதி இல்லை இது, லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கும்போதே வருவது. என் வீட்டிலிருந்து மறையாக்கம் செய்த ஒலிபரப்பு இத்தனை நாள் போயிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசை 438.800. ஐரோப்பாவில் பலர் வைப்பது அது. அங்கே ஹாம் எல்லை 440 வரை போகிறது. நமக்கு 438-லேயே கோடு போட்டாகிவிட்டது. சரி, உள்ளே நகர்த்தினால் போதுமா என்றால், 435 முதல் 438 வரை அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கான பகுதி. அங்கே ஹாட்ஸ்பாட்டை நாள் முழுக்க ஓடவிட்டால் சுற்றுவட்டாரத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை கேட்பவர்களுக்குத் தொல்லை. ஆக, நமக்கு மிச்சம் 434-க்கும் 435-க்கும் நடுவில்தான். காசு வாங்கிக்கொண்டு இந்திய ஹாம்களுக்கென்று புரோகிராம் செய்பவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பெரியவர் வீட்டில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டோம். ரேடியோவை ஃபேக்டரி ரீசெட் செய்ததும் பூட்டும் சேர்ந்து போய்விட்டது. எங்கள் மாடலில் அது நடந்தது, எல்லா மாடலிலும் நடக்கும் என்று எண்ணிப் பூட்டிய ரேடியோவை வாங்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டின் மெமரி கார்டில் இலவசமாகக் கிடைக்கும் பை-ஸ்டார் என்ற ஹாட்ஸ்பாட் மென்பொருளைப் புதிதாக எழுதினோம். கோட்பிளக் செய்ய ரேடியோ கம்பெனியின் மென்பொருளே போதும். முதலில், நானே விண்ணப்பித்து வாங்கியிருந்த என் ஐடி. பிறகு டாக்குரூப் பட்டியலில் 91, இந்தியாவுக்கான 404, தனி அழைப்பாக 9990. இந்த 9990 நாம் பேசியதை நமக்கே திருப்பிச் சொல்லும், சோதனைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஹாட்ஸ்பாட் அலைவரிசையில் கலர் கோடு 1, ஸ்லாட் 2, கேட்கும் பட்டியலில் அதே டாக்குரூப்புகள். இவ்வளவுதான், நாலைந்து சேனல். ஆயிரம் சேனல் போட்டுத் தருகிறோம் என்பதெல்லாம் கண்கட்டு வித்தை.

ஹாட்ஸ்பாட் வழியாகப் பேசும்போது குரல் உடைந்து உடைந்து வந்துகொண்டிருந்தது. அதற்கும் காரணம் ஹாட்ஸ்பாட்டிலேயே இருந்தது. மலிவான ஹாட்ஸ்பாட் போர்டுகளில் அலைவரிசை கொஞ்சம் விலகி நிற்கும். அந்த விலகலைச் சரிக்கட்டும் ஆஃப்செட்டைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பேசிப் பார்த்து, ஹாட்ஸ்பாட்டின் வலைப்பக்கத்தில் காட்டும் பிஇஆர் (பிழை விகிதம்) அளவு 1 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை சரிசெய்ய வேண்டும். விற்றவர் அதைத் தொட்டிருக்கவே இல்லை. சரிசெய்த பிறகு 9990-ல் என் குரல் என் குரலாகவே திரும்பி வந்தது.

புரோகிராம் செய்து விற்பவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. உழைப்புக்குக் காசு வாங்குவது நியாயம்தான், கணினி பழக்கம் இல்லாத மூத்த ஹாம்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நேர்மையாகச் செய்பவர் உங்கள் ஐடியை உங்களிடம் கேட்டு வாங்குவார், கோட்பிளக் கோப்பை மெயிலில் அனுப்புவார், ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை உங்கள் கணக்கில் உங்களையே வைக்கச் சொல்வார், ரசீது தருவார். பணம் அனுப்பும் முன் இந்த நாலையும் எழுத்தில் கேளுங்கள். ஏதாவது ஒன்றுக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். லைசென்ஸ் நகல் கேட்காமலேயே ரேடியோவை அனுப்புகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தேவையில்லை, போனை வைத்துவிடுங்கள்.

எனக்கு ரசீது தரவில்லை. யுபிஐ பணப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் இருந்தன. அவற்றை வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் இப்படி வாங்கியிருந்தால் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இதே போன்ற செட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே ஒன்று செய்யுங்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் தெரியும் ஒன்பது இலக்கத்தில் முதல் ஏழை எடுத்து, ரேடியோஐடி தளத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் கால்சைன் வந்தால் கவலையில்லை. வேறு யாருடையதாவது வந்தால் பிடிடியைத் தொடாமல் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, உங்கள் சொந்த ஐடிக்கு விண்ணப்பம் போடுங்கள். அது வந்ததும் மெமரி கார்டையும் கோட்பிளக்கையும் புதிதாக எழுதிக்கொள்ளலாம். தெரியாத இடத்தில் உங்கள் ஊர் மூத்த ஹாம்களைக் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்லித் தந்த பெரியவர் ஒரு டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.