டக்காரா, லோமேயா?

மேற்கு ஆப்பிரிக்காவில் துறைமுகமும் தலைநகரமும் ஒன்றாகவே இருக்கிற ஊர் எது என்று கேட்டால் பலரும் செனகலின் டக்காரைத்தான் சொல்வார்கள். டோகோவின் லோமே யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது, வியாபாரம் என்று வந்தால் அது நியாயமே இல்லை.

லோமேயின் பலம் ஆழம். 16 மீட்டருக்கும் மேல் ஆழம் இருப்பதால் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் நேராக வந்து நிற்கின்றன, பெட்டிகளை அங்கேயே சின்னக் கப்பல்களுக்கு மாற்றிப் பக்கத்துத் துறைமுகங்களுக்கு அனுப்புகிறார்கள், இன்னொரு பங்கு லாரி ஏறி, கடலே இல்லாத புர்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் போகிறது. டக்கார் துறைமுகம் இதைவிட மூத்தது. கோரே தீவைப் பார்த்தபடி, தீபகற்பத்தின் அலையடிக்காத பக்கத்தில் இருக்கிறது, மாலிக்குப் போகும் சரக்குக்கு முக்கியமான வாசலும் அதுதான். ஆனால் ஊரின் நடுவில் மாட்டிக்கொண்டதால் விரிய இடமில்லை, அதனால்தான் தள்ளி என்தயானில் புதுத் துறைமுகம் கட்டுகிறார்கள். பணம் இரண்டு ஊரிலும் ஒரே சி.எஃப்.ஏ. பிராங்க்.

வெயில், மழை விஷயத்தில் டக்கார்தான். டிசம்பரிலிருந்து மே வரை குளிர்ந்த கடல்நீரோட்டத்தால் காற்று இதமாக இருக்கும். மழை ஜூலை முதல் அக்டோபர் வரை மட்டும், ஆனால் கொட்டினால் பிக்கின் மாதிரியான புறநகர்களில் தண்ணீர் தேங்கி ஜனங்கள் படாத பாடு படுகிறார்கள். லோமேயில் மழை இரண்டு தவணை, வருஷம் முழுக்கப் புழுக்கம்.

துணி என்றால் நான் லோமே பக்கம். அங்கே ஹாலந்திலிருந்து வந்த மெழுகு அச்சுத் துணியை மொத்த வியாபாரம் செய்து, மெர்சிடிஸ் பென்ஸ் வாங்கிய பெண்களை 'நானா பென்ஸ்' என்றே அழைத்தார்கள். சந்தையில் ஒவ்வொரு டிசைனுக்கும் பேர் உண்டு, 'என் புருஷன் கெட்டிக்காரர்' என்றுகூட ஒன்று. 1994-இல் பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்ததும், பிறகு சீன நகல்கள் வந்ததும் அந்தப் பெண்களின் ஆதிக்கத்தை உடைத்துவிட்டன, எவ்வளவு பெரிய இழப்பு! செனகலிலும் ஒரு துணிக்கதை உண்டு, அது நமக்கு இன்னும் நெருக்கம்: 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் நீலத்துணியைக் கொடுத்துத்தான் செனகல் ஆற்றங்கரையில் பிரெஞ்சு வியாபாரிகள் கருவேலம் பிசின் வாங்கினார்கள்.

சாப்பாட்டில் மறுபடியும் டக்கார். மீனைக் கீறி பார்ஸ்லி, பூண்டு விழுதை உள்ளே திணித்து, தக்காளிக் குழம்பில் காய்கறியோடு வேகவைத்து, அதே குழம்பில் நொய்யரிசியைப் போட்டு எடுக்கும் செபு ஜென்னை 2021-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அடிப்பிடித்த சோற்றைத் தனியாகச் சுரண்டி எடுத்துப் பங்கு போடுவார்கள்.