பஞ்சா, முகேஷா, பாக்கெட் படமா?

புகையிலைக்கு எதிராக நம் கண்ணில் அதிகம் படுபவை மூன்று. நுரையீரலைப் பஞ்சாகக் காட்டும் தியேட்டர் விளம்பரம், வாய்ப் புற்றுநோயாளியே பேசும் முகேஷ் விளம்பரம், பாக்கெட்டின் மேல் அச்சிடும் படம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் முகேஷ் பக்கம்.

பஞ்சைப் பிழிந்ததும் கறுப்பாகத் தார் வடிவது சின்னக் குழந்தைக்கும் புரியும். ஆனால் அது புகைப்பவர்களுக்கான படம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லும் புகையிலை, வாயில் அடக்கும் புகையிலை போன்ற புகையில்லா வகைகளைப் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டி அந்தப் பஞ்சைப் பார்த்து, 'இது நமக்கில்ல' என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

முகேஷ் ஹரானே மகாராஷ்டிராக்காரர். குட்கா போட்டு வாய்ப் புற்றுநோய் வந்து, 2009-ல், 24 வயதில் இறந்துபோனார். நடிகர் இல்லை, நோயாளியே பேசுகிறார். அந்தக் கனம் வேறு எதிலும் வராது. ஆனால் ஒரே படத்தை வருஷக்கணக்கில் ஓட்டியதில் ஜனங்களுக்கு வசனம் மனப்பாடமாகி, மிமிக்ரி வரைக்கும் போய்விட்டது. செத்துப்போன ஒரு பையனின் பேச்சுக்கு நேர்ந்த இந்தக் கதி எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதே வழியை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் இன்னும் நன்றாகச் செய்தது. தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை இழந்த டெர்ரி ஹால், காலையில் கிளம்புவதைக் காட்டுகிறார். பல்செட்டை மாட்டுகிறார், விக் வைக்கிறார், பேசுவதற்கான கருவியைத் தொண்டைத் துளையில் பொருத்துகிறார், மேலே ஸ்கார்ஃப் கட்டுகிறார். அவ்வளவுதான் படம். கூடவே, விட நினைப்பவர்கள் அழைக்க ஒரு எண். அந்த முதல் வருஷப் பிரசாரத்தால் சுமார் 16 லட்சம் பேர் விட்டுப்பார்த்தார்கள், ஒரு லட்சம் பேராவது நிரந்தரமாக விட்டிருப்பார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

பாக்கெட் படத்துக்கும் ஒரு பலம் உண்டு. பரப்பில் 85 சதவீதம் எச்சரிக்கை என்பது 2016-லிருந்து சட்டம். 2018-லிருந்து 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் சேர்ந்தது. ஆனால் பெட்டிக்கடையில் நடப்பது என்ன? 'ஒண்ணு குடுங்கண்ணே' என்றதும் கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டுகிறார். படமும் எண்ணும் அவர் பக்கமே தங்கிவிடுகின்றன. சில்லறையாக வாங்குபவர் இரண்டையும் பார்ப்பதே இல்லை.

அதனால் எனக்கு வேண்டியது புது முகேஷ்கள். மதுரையிலோ சேலத்திலோ வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், சம்மதித்தால், தன் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். உதவி எண் திரையில் கடைசி வரை நிற்கட்டும். அதே எண்ணைப் பெட்டிக்கடையில் லைட்டர் தொங்கும் கம்பிக்குப் பக்கத்திலும் பெரிதாக ஒட்டலாம்.