சுங்கை சிப்புட் பிள்ளைக்குக் கட்டடக்கலை: போலிடெக்னிக்கா, பினாங்கா, ஸ்கூடாயா?

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை கட்டடக்கலை படிக்கிறேன் என்று சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது "எத்தனை வருஷம்?" நியாயமான கேள்விதான். 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, லெம்பாகா அர்கிடெக் மலேசியா வாரியத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு இளங்கலை (பார்ட் 1), முதுகலை (பார்ட் 2), அப்புறம் குறைந்தது இரண்டு வருட அலுவலக அனுபவத்தோடு பார்ட் 3 தேர்வு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். படிக்கும் காலத்தையும் சேர்த்தால் ஒன்பது வருடத்துக்கு முன்னே பின்னே ஆகும். எந்த வழியை எடைபோடும்போதும் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

நம் ஆட்கள் போலிடெக்னிக்கை வேறு இடம் கிடைக்காதவன் போகிற இடமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று வருட டிப்ளோமா, தொழிற்பயிற்சியும் அதற்குள்ளேயே வந்துவிடும். செமஸ்டர் கட்டணம் தோட்டச் சம்பளத்துக்குள் அடங்கும். முடித்தவர் பிளான் வரையும் வேலைக்குப் போகலாம், அல்லது அதே டிப்ளோமாவோடு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு படியும் உண்டு. அனுபவம் சேர்த்து, அதே வாரியத்தில் பதிவு பெற்ற கட்டட வரைவாளர் ஆகிவிட்டால், இரண்டு மாடிக்கும் 300 சதுர மீட்டருக்கும் மேற்படாத கட்டடத்துக்குத் தன் கையெழுத்திலேயே பிளான் சமர்ப்பிக்கலாம்.

இந்த ஊரில் நடக்கிற வேலையை நினைத்துப் பாருங்கள். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கு வந்த குடும்பம் பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டுகிறது, மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை எடுக்கிறது. இதற்கெல்லாம் பிளான் போகவேண்டிய இடம் கோலகங்சார் நகராண்மைக் கழகம். வரைவாளரின் வரம்புக்குள் அடங்குகிற வேலைதான் பெரும்பாலும். மூன்று மாடிக் கடைவீடோ பெரிய கோயில் மண்டபமோ வந்தால்தான் கட்டடக் கலைஞரைத் தேடவேண்டும். (கோபுரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை வரவழைத்தாலும், நகராண்மைக் கழகத்துக்குப் போகும் பிளானில் உள்ளூர்க் கையெழுத்துதான் வேண்டும்.) ஒன்பது வருடம் தாங்குமா என்று பிள்ளைக்கே சந்தேகம் இருந்தால் போலிடெக்னிக்கில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தேர்ச்சி நன்றாக இருந்து, கையும் வரைகிறது என்றால் அரசுப் பல்கலைக்கழகம். யூ.ஐ.டி.எம். மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு உரியது என்பதால் நம் பட்டியலில் வராது. மலாயா, புத்ரா பல்கலைக்கழகங்களும் நல்லவையே. ஆனால் இங்கே அதிகம் பேசப்படுவது பினாங்கு யூ.எஸ்.எம்., ஜொகூர் ஸ்கூடாயில் இருக்கும் யூ.டி.எம். ஆகிய இரண்டும்தான்.

யூ.எஸ்.எம்.மில் கட்டடக்கலை தனியாக இல்லை. வீடமைப்பு, கட்டடம், நகரத் திட்டமிடல் எல்லாம் ஒரே பள்ளியின் கீழ் இருக்கின்றன. கட்டுமானச் செலவைக் கணக்கிடும் கியூ.எஸ். மாணவர் பக்கத்து வகுப்பிலேயே இருப்பார், பிற்காலத்தில் அவரோடுதானே வேலை. பல்கலைக்கழகம் இருக்கும் அதே தீவில், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள். மரபுக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலை கற்க இதைவிட வசதியான இடம் நாட்டில் குறைவு. ஊரிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு ரயிலும் இருக்கிறது.

யூ.டி.எம்.மின் பலம் வேறு. அங்குள்ள காலாம் ஆய்வு மையத்தில், மாணவர்கள் 1970களிலிருந்து மலாய் வீடுகளையும் அரண்மனைகளையும் மசூதிகளையும் நேரில் அளந்து வரைந்த வரைபடங்கள் சேர்ந்திருக்கின்றன. மரக்கட்டுமானத்தில் ஆசை உள்ளவருக்கு அது புதையல். சிங்கப்பூர் வேலையை நினைப்பவருக்கும் ஸ்கூடாய் பக்கம். ஆனால் தூரம் அதிகம், அடிக்கடி வீட்டுக்கு வரமுடியாது. முதல் வருடம் தூக்கமில்லாமல் மாடல் செய்து, விரிவுரையாளர்கள் முன்னால் நின்று கேள்வி வாங்குகிற பிள்ளைக்கு அம்மா சமையல் எட்டும் தூரத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. நான் பினாங்கு கட்சி.

இரண்டுக்கும் நேர்காணல் வரலாம். அதற்கு இணையத்தைப் பார்த்து வரைந்த துபாய் கோபுரங்களைக் கொண்டுபோகாதீர்கள். கோலகங்சாரில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் திறந்த உபுதியா மசூதியும், 1926இல் இரும்பு ஆணியே இல்லாமல் கட்டியதாகச் சொல்லப்படும் இஸ்தானா கெனாஙான் அரண்மனையும் பக்கத்தில்தானே இருக்கின்றன. இடிபடாமல் மிச்சம் இருக்கும் ஒரு லயத்து வீட்டை அளந்து வரைந்தால் இன்னும் நல்லது. வெயிலை எப்படித் தடுத்தார்கள், மழைநீர் எங்கே போகிறது என்று பேச உங்களிடம் சரக்கு இருக்கும்.

தனியார் பல்கலைக்கழகங்களில் வசதி நிறைய, கட்டணமும் பல பத்தாயிரம் ரிங்கிட். பி.டி.பி.டி.என். என்கிற அரசுக் கல்விக் கடன் கிடைத்தாலும் அது முழுதையும் தாங்கும் என்று நம்பி இறங்கவேண்டாம். அந்தப் பாடத்திட்டத்துக்கு வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, பார்ட் 2 அங்கேயே உண்டா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். எங்கே படித்தாலும் மடிக்கணினி, மாடல் அட்டை, பெரிய தாள் பிரிண்ட் என்று கட்டணத்துக்கு வெளியே கை கடிக்கும்.

பயிற்சிக்கு எல்லோரும் கோலாலம்பூர் பெரிய அலுவலகத்தையே தேடுகிறார்கள். அங்கே ஒரு மாணவர் மாதக்கணக்கில் கழிப்பறை விவரங்களையே கணினியில் வரைந்துகொண்டிருக்கலாம். ஈப்போவில் நாலைந்து பேர் இருக்கும் அலுவலகத்தில் காலையில் தளத்துக்குப் போய்க் குத்தகையாளரோடு வாக்குவாதம், மத்தியானம் நகராண்மைக் கழக முகப்பில் காத்திருப்பு என்று எல்லாமே தலையில் விழும். பயிற்சிக்குக் கிடைக்கும் அலவன்ஸ் குறைவாக இருக்கலாம், ஆனால் தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம். முதல் பயிற்சிக்கு ஈப்போ, பார்ட் 2க்குப் பிறகு கோலாலம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.