ஜாபா, ஹூக்கா: முதலில் எதைப் பிடிப்பது?

வடசென்னையில் புதிதாக பாக்ஸிங் சேரும் பையன்களுக்கு பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக் குத்தின் மீதுதான் கண். பேக்கில் ஓங்கி ஒன்று விட்டால் 'தொம்' என்று சத்தம் வரும், சங்கிலி குலுங்கும், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முன்னால் நிற்கும் இடது கையால் நேராக விடும் ஜாபுக்கு அந்தப் பவுசு கிடையாது. ஆனாலும் முதல் சில மாதங்களுக்கு ஜாபைத்தான் பிடிக்க வேண்டும் என்பேன்.

ஹூக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில், 15ஆவது ரவுண்டில் முகமது அலியைத் தரையில் சாய்த்தது ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக்தான். ஆனால் அந்த நெருக்கத்துக்கு அவர் எப்படிப் போனார்? தலையை ஓயாமல் ஆட்டி, குனிந்து, அலியின் ஜாபுக்கு அடியில் புகுந்து, போகிற வழியில் அடியும் வாங்கிக்கொண்டு. முழங்கை மடங்கி வளைந்து வரும் குத்து அது. பக்கத்தில் போகாமல் முடியாது. புதிதாக வந்தவனுக்கு அந்தத் தலையாட்டம் வராது, முகம்தான் வீங்கும்.

ஜாப் நேராகப் போகிறது. முன்னால் நிற்கும் கை என்பதால் தூரம் குறைவு, தோளைப் பின்னுக்கு இழுக்கத் தேவையில்லை. இடது கால் அரை அடி முன்னே நகரும்போதே கை கிளம்ப வேண்டும். கடைசி நொடியில் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். இடது தோள் எழும்பி தாடையை மூடும். வலது கை கன்னத்தை விட்டு அசையாது. குத்தும்போதே காவலும் நிற்பது இதில்தான்.

போன வழியிலேயே கை திரும்ப வேண்டும். தாழ்ந்து திரும்பினால் ஆபத்து. பெரிய குத்துச்சண்டை வீரரான ஜோ லூயிஸே இதில் மாட்டினார்: ஜாபுக்குப் பிறகு அவர் இடது கை இறங்குவதைக் கவனித்து வைத்திருந்த மேக்ஸ் ஷ்மெலிங், 1936இல் அந்த இடைவெளியில் வலது கையை இறக்கி இறக்கி 12ஆவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார்.

பின்னால் நிற்கும் வலது கையால் நேராக விடும் கிராஸ்? இடுப்பு முழுக்கத் திரும்புவதால் பலம் அதிகம். குறி தவறினால் உடம்பு முன்னே சாயும். ஜாப் எதிராளியின் கண்ணை மறைத்த பிறகு போனால் நன்றாக விழும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஷீட் கூரைக்குக் கீழே மே மாதத்தில் மூச்சுக்கு மூச்சு ஹூக் வீசுகிறவனுக்கு இரண்டாவது ரவுண்டிலேயே கை தூக்க முடியாது. அமெச்சூரில் மூன்று நிமிடம் வீதம் 3 ரவுண்டு. சுத்தமாக விழும் குத்தைத்தான் ஜட்ஜ் எண்ணுவார். ஆனால் சும்மா தொட்டுவிட்டு வரும் ஜாபும் எடுபடாது, முஷ்டியின் முன்பகுதி அழுத்தமாகப் பட வேண்டும்.

இடது கையால் மட்டும் ஒரு ரவுண்டு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வைக்கச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். எதிரே சவுத்பா, அதாவது வலது கையும் காலும் முன்னால் வைத்து நிற்பவர், நின்றால் மட்டும் கணக்கு மாறும்: இருவரின் முன்கைகளும் இடித்துக்கொள்ளும். அங்கே அவருடைய முன்காலுக்கு வெளிப்பக்கம் உங்கள் காலை வைத்தால் ஜாபுக்கு வழி கிடைக்கும்.