8 ஜிபி ராமில் கேம்: அதே லேப்டாப்பை வாங்கலாமா?

"மச்சான், நீ வச்சிருக்கிற அதே மாடல் விலை இறங்கியிருக்கு, எடுக்கவா?" என்று நண்பன் கேட்டான். ரைசன் 5 5500யூ ப்ராசசர், அதன் உள்ளேயே இருக்கும் வேகா கிராஃபிக்ஸ், 8 ஜிபி ராம் எல்லாம் அவனுக்கே தெரியும். கடையில் சொல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த லேப்டாப்பில் என்னை வதைத்தது ஒரே விஷயம். ஜிடிஏ 5 கேமில் வண்டியோட்டி நெடுஞ்சாலையில் சீராகப் போவேன். ஊருக்குள் திரும்பியதும் திரை அப்படியே உறைந்து நிற்கும். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். படம் மறுபடி ஓடும்போது வண்டி நடைபாதையில் ஏறியிருக்கும். ஆனால் சராசரி எஃப்பிஎஸ்ஸை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்பதைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. எங்கோ ஒரு ஃபிரேம் 300 மில்லி விநாடி இழுத்தால் சராசரி அசையாது, ஆடுகிறவன் கைக்கு மட்டும் தெரியும். ரிவ்யூ செய்கிறவர்கள் சராசரியை மட்டும் காட்டிவிட்டுப் போவதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 8 ஜிபி, அதில் பயன்படுத்த முடிவது 5.9 என்று இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் 2 ஜிபியை பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) முதலிலேயே வேகாவுக்கு ஒதுக்கிவிடுகிறது. மிச்சத்தில்தான் விண்டோஸ், ஆன்டிவைரஸ், பின்னால் கிடக்கும் குரோம், கேம் எல்லாமே. இடம் நெருக்கினால் விண்டோஸ் ராமில் இருப்பதைச் சுருக்கிப் பார்க்கும். அப்படியும் போதாவிட்டால், கொஞ்ச நேரமாகத் தொடாததை எஸ்எஸ்டியில் (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். அடுக்களையில் இடமில்லாமல் சாமானைப் பரணில் ஏற்றுகிற கதைதான். தெரு திரும்பியதும் அந்தச் சாமான் உடனே வேண்டும். ராமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். என்விஎம்இ என்கிற வேகமான வகை எஸ்எஸ்டிக்கே பல்லாயிரம் நானோ விநாடி ஆகும். இப்படி ஆயிரக்கணக்கில் குவியும்போது கேம் காத்து நிற்கிறது. விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பகுதியைத் திறந்து வைத்து ஆடிப் பாருங்கள். ராமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுப்பதைக் காட்டும் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' கோடு, திரை உறையும் அதே கணத்தில் செங்குத்தாக ஏறும்.

இதற்கு யூடியூபில் சொல்லும் வைத்தியங்களை நம்பாதீர்கள். பேஜ் ஃபைலை அணைத்தால், இடம் தீர்ந்ததும் கேமே மூடிக்கொள்ளும். ராமைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள்கள் கேமுக்கு வேண்டியதையும் சேர்த்து வெளியேற்றுவதால், அதையெல்லாம் திரும்பவும் எடுத்து வர வேண்டியிருக்கும்.

பின்மூடியைக் கழற்றியபோதுதான் ஆத்திரம் உச்சத்துக்குப் போனது. ராம் ஸ்லாட் இரண்டு, ராம் குச்சி ஒன்றே ஒன்று. ஒரு குச்சி என்றால் ஒரே சேனல், அதாவது ஒரே பாதை. இதிலுள்ள டிடிஆர்4-3200 வகை ராம் ஒரே சேனலில் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேனலில் 51.2 ஜிபி. வேகாவுக்குச் சொந்த மெமரி கிடையாது, ப்ராசசரும் அதுவும் அந்த ஒரே பாதையில்தான் முட்டிக்கொள்கின்றன. பாதி வழியை அடைத்து வைத்துவிட்டு கேம் ஆடலாம் என்று விற்றிருக்கிறார்கள்.

இன்னொரு 8 ஜிபி குச்சி போட்ட பிறகு இது வேறு லேப்டாப். அந்த உறைதல் போயே போய்விட்டது. ஊருக்குள் வளைந்து வளைந்து ஓட்டுவதே தனி சுகம், எஃப்பிஎஸ்ஸும் கூடியிருக்கிறது. இதே குச்சிக்கு முந்தி கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுப்பேன், அத்தனை நிம்மதி. கீபோர்டும் அருமை, சூடும் தாங்கும்படிதான் இருக்கிறது.

ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். 2025-இல் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, இறங்கிய விலையில் மிச்சமாவதை இரண்டாவது குச்சி தின்றுவிடும். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் ஆகிய கேம்கள் இரண்டுமே குறைந்தபட்சம் 12 ஜிபி ராம் கேட்கின்றன. 16 ஜிபி இரண்டு குச்சியாகப் போட்டு வருவதைப் பார், ராம் போர்டிலேயே பற்றவைத்த (பிறகு கழற்றி மாற்ற முடியாத) மாடலா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் காசைக் கொடு என்றேன். அவன் இன்னும் அந்த ஆஃபரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.