எம்சி ராஜா யார்? ஓவன், வான் பெர்சி, அப்புறம் இரண்டு தோட்டத்துப் படங்கள்

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மைக்கல் ஓவனுக்கு மலேசியாவில் எங்கள் ஊரில் 'எம்சி ராஜா' என்று பெயர். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரத்தை விளக்க வேண்டியதில்லை. கிளினிக்கில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு வந்து மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளரிடம்) நீட்டுகிறவனுக்கு இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தாலும், நாலு பேர் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை அப்படியே ஓவன் மேல் விழுந்திருக்கிறது. அதே மாதிரி காயத்தோடு மல்லுக்கட்டிய நெதர்லாந்து வீரர் ராபின் வான் பெர்சிக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. அவர் 'கிளாஸ் பிளேயர்'. இரண்டு பேரும் விளையாட்டை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. சுங்கை சிப்புட் மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடைகளில் சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் தொடங்கும் வரைக்கும் இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடை போடுகிற பேச்சு மட்டும் ஓயவில்லை. இந்த எடைபோடலில் ஓவனுக்கு அநியாயம் நடக்கிறது என்பது என் கட்சி.

சரி, கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சீசனுக்கு 38 என்பதால் எல்லாருக்கும் ஒரே அளவு. லிவர்பூலில் ஓவனுக்கு 1997-98 முதல் 2003-04 வரை 7 முழு சீசன்கள். மொத்தம் 266 ஆட்டங்கள். அவற்றில் 214-இல் இறங்கியிருக்கிறார், 117 கோல். ஆர்சனலில் வான் பெர்சிக்கு 2004-05 முதல் 2011-12 வரை 8 சீசன்கள். 304 ஆட்டங்களில் 194, கோல் 96. அதாவது 100 ஆட்டம் நடந்தால் ஓவன் 80-இல் இருந்தார், வான் பெர்சி 64-இல்தான் இருந்தார். இறங்காத ஆட்டம் எல்லாமே காயத்தால் அல்ல என்பது உண்மை. ஆரம்பத்தில் வான் பெர்சி பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் 2007-08-இல் 15 ஆட்டம், 2009-10-இல் 16 ஆட்டம் என்பதற்கு பெஞ்சைக் காரணம் சொல்ல முடியாது.

இவ்வளவு இருந்தும் எம்சி ராஜா என்ற பட்டம் ஓவனுக்குப் போனதற்கு என்ன காரணம்? வரிசைதான். வான் பெர்சிக்குக் கெட்ட வருஷங்கள் முதலில் வந்தன, நல்ல வருஷம் கடைசியில் வந்தது. 2011-12-இல் 38-க்கு 38 ஆட்டமும் ஆடி 30 கோல் அடித்தார். அடுத்த வருஷமே மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய் 26 கோல், கூடவே லீக் பட்டமும். ஓவனுக்கு எல்லாம் தலைகீழ். 22 வயதிலேயே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது வரை பார்த்துவிட்டார். பின்னாளில் நியூகாசல் அணியில் இருந்த 4 சீசனில் 152 லீக் ஆட்டங்களுக்கு 71-இல்தான் இறங்க முடிந்தது. மனிதர்களுக்குக் கடைசியாகப் பார்த்ததுதான் கண்ணில் நிற்கிறது.

காயங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1999 ஏப்ரல் 12-ஆம் தேதி, லீட்ஸ் திடல். ஓவனை யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. பந்தைத் துரத்தி ஓடும்போதே ஹேம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) கிழிந்தது. வயசு 19. அதற்கு முந்தைய சீசனில் 36 லீக் ஆட்டம், கோடையில் உலகக் கோப்பை, அங்கே அர்ஜென்டினாவின் தற்காப்பைக் கிழித்துக்கொண்டு போய்ப் போட்ட அந்தக் கோல், ஓய்வு சரியாக இல்லாமல் அடுத்த சீசனிலும் 30 லீக் ஆட்டம். வளர்ந்து முடியாத உடம்பில் இவ்வளவும். அந்தக் கிழிசலுக்குப் பிறகு தன் வேகம் பழையபடி இல்லை என்று ஓவனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

செம்பனை வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நீளமான கம்பின் நுனியில் அரிவாள், நாள் முழுக்க அண்ணாந்த கழுத்து, மேலேயிருந்து விழுகிற குலையை இழுத்து ரோட்டோரம் சேர்க்கிற இடுப்பு. 18 வயதில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தனாகச் செய்த பையன் 35-இல் தோளைத் தூக்க முடியாமல் நிற்பான். அப்போது அவனைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள், அவன் 18-இல் வெட்டிப் போட்ட குலையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் வந்தவை: 2005 டிசம்பர் 31-இல் ஸ்பர்ஸ் (டோட்டன்ஹாம்) அணியின் கோல்கீப்பரோடு மோதிப் பாத எலும்பு முறிந்தது. 2006 உலகக் கோப்பையில் சுவீடன் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே முட்டி திருகிக்கொண்டது, கிட்டத்தட்ட ஒரு வருஷம் போனது. வான் பெர்சியின் கதையும் லேசானதல்ல. 2007 ஜனவரியில் யுனைடெட்டுக்கு எதிராகச் சமன் செய்த கோலைக் கொண்டாடும்போதே பாத எலும்பு உடைந்தது. 2009 நவம்பரில் நெதர்லாந்துக்காக இத்தாலியோடு ஆடிய வெறும் நட்பு ஆட்டத்தில் கணுக்கால் தசைநார் போனது. குதிரை நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த திரவத்தைத் தடவுகிறார்கள் என்று கேள்விப்பட்டு செர்பியா வரைக்கும் போனார். இவர்களில் யாரை எம்சி போட்டு வீட்டில் படுத்தவர் என்று சொல்ல முடியும்?

ஆதரவாளர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால், கோபம் காயத்தின் மேலேயே இல்லை என்று தெரியும். லிவர்பூல்காரர்களுக்கு உள்ளே எரிவது 2009. தங்கள் பிள்ளை யுனைடெட்டின் 7-ஆம் நம்பர் சட்டையைப் போட்டதுதான் ஆறாத புண். அதை நேராகச் சொல்லாமல், "அவன் என்னா பெரிசா ஆடிட்டான், பாதி நாள் எம்சிதானே" என்பார்கள். ஆர்சனல்காரர்களாவது நேராகப் பேசுகிறார்கள். எங்கள் கடையில் ஒரு அண்ணன் சொல்வார்: "காயத்தோட கெடந்தப்ப எங்க சம்பளம், நல்லானதும் அவங்களுக்குக் கோப்பை." 24 மில்லியன் பவுண்டு வந்தது என்று எடுத்துச் சொன்னாலும் அவருக்கு ஆறாது. அவர் வருத்தம் நியாயமானது. 7 சீசன் பொறுத்துப் பொறுத்து வளர்த்த மரம், காய்த்த மறு வருஷம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: போவதற்கு முந்தைய அந்த 30 கோல் ஆர்சனலுக்குத்தான் விழுந்தது.

யுனைடெட்காரர்கள்தான் இரண்டு பேரையும் அனுபவித்தவர்கள். 2009 ஜூலையில் புக்கிட் ஜாலில் திடலில் மலேசிய அணியோடு ஆடியபோது அம்ரி யாஹ்யா இரண்டு கோல் போட்டு நம்மைத் தலைநிமிர வைத்தார். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஓவன், யுனைடெட்டுக்கான தன் முதல் ஆட்டத்திலேயே வெற்றிக் கோலைப் போட்டு 3-2 ஆக்கினார். அதே வருஷம் செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 96-ஆவது நிமிடத்தில் இன்னொன்று, 4-3. எங்கள் ஊரில் எம்.யூ. சட்டை போட்ட ஒருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியை மறந்திருக்க மாட்டார். வான் பெர்சிக்கு அவர்கள் எடுத்துக்காட்டுவது 2013 ஏப்ரல் 22, ஆஸ்டன் வில்லா. ரூனி பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்து தோளுக்கு மேலே வருகிறது. அதைக் கீழே விடாமல் இடது காலால் அப்படியே வாலி. அன்று ஹாட்ரிக், 20-ஆவது லீக் பட்டமும் அன்றே உறுதியானது.

அழகு என்று கேட்டால் அந்த வாலிக்குப் பக்கத்தில் ஓவனிடம் ஒன்றும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2001 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்சனல் ஆட்டம் முழுக்க லிவர்பூலைப் போட்டு மிதித்தது, 1-0 என்று முன்னால் இருந்தது. 83-ஆவது நிமிடத்தில் ஓவன் சமன் செய்தார். 88-இல் நீளமான ஒரு பந்து. ஆர்சனல் தற்காப்பு வீரர்கள் டிக்சனும் ஆடம்ஸும் பக்கத்திலேயே இருந்தும் இரண்டடி பின்தங்கினார்கள். ஓவன் தனக்குப் பழக்கமில்லாத இடது காலால் கோல்கீப்பர் சீமனைத் தாண்டித் தூர மூலைக்கு உருட்டிவிட்டார். இது ஹேம்ஸ்ட்ரிங் கிழிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு! ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் சரி, 7 வருஷத்துக்குச் சொன்னாலும் சரி, எனக்கு ஓவன். ஒரே ஒரு சீசனுக்கு என்றால் மட்டும் 2011-12 வான் பெர்சி.

இதே கடையில் இதே ஆள்கள் சினிமாப் பேச்சுக்கு வந்ததும் தராசை மாற்றிவிடுகிறார்கள். 2011-இல் ரஜினி உடம்புக்கு முடியாமல் சிங்கப்பூரில் சிகிச்சை எடுத்தபோது, எங்கள் ஊரில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள் உண்டு. யாரும் எம்சி என்று வாயெடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. அந்தக் கருணையில் கால்வாசி ஓவனுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

படங்களில் எங்கள் ஊரில் தீராத ஒப்பீடு கபாலியும் ஜகாட்டும்தான். இரண்டுமே மலேசியத் தமிழனையும் கேங்கையும் தோட்டத்தையும் பற்றியவை. 2015 டிசம்பரில் ஜகாட் வந்தது, 2016 ஜூலையில் கபாலி. ஒன்று பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினி நடித்த சென்னைப் படம். இன்னொன்று சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய நம் ஊர்ப் படம். கபாலிக்கு ஈப்போ வரை வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஜகாட்டுக்கு அந்தக் கூட்டம் இல்லை. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கிய பிறகுதான் பலர் அதைத் தேடிப் பார்த்தார்கள்.

கபாலி மேல் சொல்லப்படும் குறை, முதல் பாதி சிங்கம், மனைவியைத் தேடி இந்தியா போனதும் படம் நொண்டுகிறது, கடைசியில் வழக்கமான துப்பாக்கிச் சண்டை என்பது. நமக்குக் காட்டிய பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று ஒரு வரியைப் போட்டு முடிவையும் மாற்றியிருந்தார்கள். அந்த வரி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் முடிவைப் பார்த்துவிட்டு மொத்தப் படத்தையும் தள்ளிவிடுவது, நியூகாசல் ஓவனைப் பார்த்துவிட்டு லிவர்பூல் ஓவனை மறப்பதுதான். தோட்டத்தில் பிறந்தவன் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்துத் தலைவனாகிற பகுதியும், கோட்டு சூட்டு போடுவதிலும் ஒரு அரசியல் இருக்கிறது என்று அவன் பேசுகிற பேச்சும் பெரிய திரையில், அதுவும் ரஜினி வாயால் வந்தது சாதாரண விஷயமா? எங்கள் வீட்டில் பால்மரம் சீவியவர்கள் அந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டுப் படங்களில் மலேசியா என்றால் இரட்டைக் கோபுரமும் ஒரு பாட்டும் என்றிருந்த நிலைமைக்கு இது எவ்வளவோ மேல்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கபாலியில் தோட்டம் வருவது சில நிமிடம்தான். அது நாயகனின் பழங்கதை. படம் நிற்பது அவன் நடையில். ஜகாட்டில் தோட்டத்தின் விளைவுதான் படமே. 1990-களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியே வந்து புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம். அப்போய் என்ற 12 வயதுப் பையன். படி படி என்று அடிக்கும் அப்பா. பள்ளியில் அவனுடைய கற்பனைக்கு மதிப்பில்லை. ஒரு சித்தப்பா கேங்கில் இருக்கிறார், இன்னொருவர் போதையிலிருந்து மீண்டவர். அந்தப் பையனின் கண்ணுக்குக் கேங்கில் இருப்பவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். கபாலி பார்த்தவன் கேங்ஸ்டரைக் கண்டு விசில் அடிப்பான். ஜகாட், அவன் எப்படி உருவாகிறான் என்று வீட்டுக்குள்ளிருந்து காட்டுகிறது. நம் ஆள்களின் வாய்ப்பேச்சு, மலாய் கலந்த வசவு உட்பட, ஜகாட்டில் இருப்பது மாதிரி கபாலியில் இல்லை.

ஜகாட் மேல் எங்கள் ஊர் வைக்கும் குறை, சோகம் அதிகம், நம் மானத்தை வாங்குகிறது என்பது. பெரியவர்கள் பலர் இதைச் சொல்வார்கள். "நம்மளப் பத்தி நாமளே இப்படிக் காட்டலாமா, தம்பி?" அவர்கள் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். நம் பையன்கள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்காமல் 'கெட்டுப் போய்ட்டான்' என்று கை கழுவுவதும், ஹேம்ஸ்ட்ரிங் எப்படிக் கிழிந்தது என்று கேட்காமல் எம்சி ராஜா என்று பெயர் வைப்பதும் ஒரே புத்திதான். ஜகாட் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. அதனால் இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஜகாட்டுக்கு. வீட்டில் வளர்ந்த பையன்கள் இருந்தால் கபாலியை அவர்களே எத்தனை தடவையும் பார்த்துக்கொள்வார்கள். ஜகாட்டை மட்டும் கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.