ஆபீஸ் பயணத்தோடு குடும்பத்தையும் ஐரோப்பா கூட்டிப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஃபிராங்க்ஃபர்ட்டில் கண்காட்சி, அல்லது ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள் மீட்டிங். போகிறவருக்குக் கம்பெனியே டிக்கெட் எடுத்துத் தந்துவிடும். மனைவி, பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் டிக்கெட் போட்டு, வேலை முடிந்ததும் பாரிஸ், ரோம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். இப்படிப்பட்ட குடும்பங்களிடம்தான் சில டிராவல் ஏஜென்ட்கள் ‘சார் போகிற ஃபிளைட்டிலேயே போடுகிறோம், ஹோட்டல், விசா எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று பேக்கேஜ் விற்கிறார்கள். லட்சக்கணக்கில் பணம் போவது இங்கேதான்.

முதல் ஏமாற்று டிக்கெட்டில். வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வரும். ஆறு எழுத்து பி.என்.ஆர்., விமான நேரம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அது வெறும் இடப்பதிவாக இருக்கலாம். டிக்கெட் உண்மையிலேயே அடிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொருவர் பெயருக்கும் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு: ஏர் இந்தியா 098, லுஃப்தான்சா 220, எமிரேட்ஸ் 176, கத்தார் 157. மடியில் வரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தனி எண் உண்டு. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கட்டணம் இறங்கும் என்ற கணக்கில் டிக்கெட் அடிக்காமல் வைத்திருக்கிறார்கள். கெடு தாண்டியதும் பதிவு தானாக ரத்தாகிவிடும். பிறகு ‘ஃபேர் ஏறிவிட்டது, மேற்கொண்டு கட்டுங்கள்’ என்பார்கள். கம்பெனி டிக்கெட் உறுதியாகிவிட்டதால் குடும்பத்துக்கு வேறு வழியில்லை, கேட்டதைக் கட்டிவிடுகிறார்கள். பணம் கட்டிய அன்றே விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பி.என்.ஆரையும் பெயரையும் போட்டுப் பாருங்கள். டிக்கெட் எண் தெரியவில்லை என்றால் அன்றைக்கே கேளுங்கள்.

அடுத்தது இதைவிட மோசம். விலையைக் குறைத்துக் காட்ட, சம்பந்தமில்லாத இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டிக் கொடுப்பார்கள்: சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு இன்னொன்று. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்தாருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெட்டியும் நேராகப் போய்ச் சேராமல் போகலாம். நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருக்கலாம். தாய் இரண்டு பிள்ளைகளோடு நள்ளிரவில் இப்படி மாட்டிக்கொள்ள, அப்பா ஃபிராங்க்ஃபர்ட்டில் மீட்டிங்கில் இருப்பார். ‘சென்னையில் போட்ட பெட்டியை ஃபிராங்க்ஃபர்ட்டில் எடுக்கலாமா? எழுத்தில் சொல்லுங்கள்’ என்று ஏஜென்டிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கம்பெனி டிக்கெட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–பாரிஸ், பிறகு பாரிஸிலிருந்து சென்னை என்று போட்டிருப்பார்கள். ‘குடும்பத்தோடு ரயிலில் பாரிஸ் போய்க்கொள்ளலாம், அந்த ஒரு விமானத்தை விட்டுவிடுங்கள்’ என்று ஏஜென்ட் சுலபமாகச் சொல்லுவார். டிக்கெட்டில் உள்ள ஒரு விமானத்தை விட்டால் அதற்குப் பின்னால் உள்ள விமானங்கள் எல்லாம் ரத்தாகும் என்பது பெரும்பாலான விமான நிறுவனங்களின் நிபந்தனை. திரும்பும் நாளில் கவுன்டரில்தான் அது தெரியவரும். கம்பெனியின் டிராவல் டெஸ்க் வழியாக முன்கூட்டியே டிக்கெட்டை மாற்றி, மறுபடி அடித்து வாங்குவதே வழி.

விசா விஷயத்தில் ஏஜென்ட் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். ஷெங்கன் (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பம் போக வேண்டியது, தங்கும் நாளாலோ நோக்கத்தாலோ எந்த நாடு முக்கியமோ அந்த நாட்டுக்கு. ‘அங்கே அப்பாயின்ட்மென்ட் இல்லை, வேறு நாட்டில் கூடுதல் இரவுகள் காட்டிவிடலாம்’ என்று போலி ஹோட்டல் பதிவு இணைப்பார்கள். விசா வந்ததும் அதை ரத்து செய்வார்கள். நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்று தெரிந்தால் எல்லையிலேயே விசாவை ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. நிராகரிப்பு ஷெங்கன் நாடுகளின் விசா தகவல் கணினியில் ஐந்து ஆண்டு இருக்கும். அடுத்த முறை ஆபீஸ் வேலையாகவே போக வேண்டி வந்தாலும் அது எதிரே நிற்கும். ஏஜென்டுக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

விசா கட்டணத்திலும் மோசடி நடக்கிறது. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். மூன்று வயதுக் குழந்தைக்கும் ‘விசா ஃபீஸ்’ என்று ரசீதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்ப மையத்தின் லவுஞ்ச், எஸ்.எம்.எஸ். போன்றவை விருப்பம் இருந்தால் மட்டும். கட்டாயமானது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் பாலிசி பெரும்பாலும் ஊழியருக்கு மட்டும்தான். குடும்பத்துக்கும் சேரும் என்று வாய்வார்த்தையில் நம்ப வேண்டாம்.

ஹோட்டலைப் பொறுத்தவரை, கம்பெனி ரேட் அறை பெரும்பாலும் ஒருவருக்கானது. பிள்ளைகளின் வயதோடு ஹோட்டலுக்கே மின்னஞ்சல் எழுதி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் நகர வரி. பேக்கேஜ் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

முன்பதிவு செயலியின் உரையாடலிலேயே ‘24 மணி நேரத்தில் கார்டை உறுதிசெய்யாவிட்டால் அறை ரத்து’ என்று ஒரு இணைப்பு வந்தால் தொடவே கூடாது. ஹோட்டலின் கணக்கைத் திருடியவர்கள் அதன் வழியாகவே அனுப்புவதால் பெயர், தேதி, தொகை எல்லாம் சரியாக இருக்கும். கண்காட்சி நாட்களில் அறை கிடைக்காது என்ற பயத்தில் அவசரமாக ஓ.டி.பி. போட்டுவிடுகிறார்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்திலிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்டாலே தெரிந்துவிடும்.

பாரிஸ் சார்ல் தி கோல் விமான நிலையத்தில் வருகைக் கூடத்துக்குள் வந்து ‘டாக்ஸி?’ என்று கேட்பவரோடு போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் உரிமம் பெற்ற டாக்ஸிக்கு 2025இல் நிலையான கட்டணம்: சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. பெட்டிக்குத் தனிக்காசு இல்லை. கடையிலோ ஏ.டி.எம்.மிலோ ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் விழும்.

திரும்பும் விமானம் தாமதமானால் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் 261/2004 விதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், சென்னை வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ; தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடும், தேவைப்பட்டால் தங்கும் இடமும் அப்போதும் தந்தாக வேண்டும். கம்பெனி டிக்கெட்டாக இருந்தாலும் இழப்பீடு பயணிக்கே உரியது. டிக்கெட் எடுத்த பிள்ளைகளுக்கும் உண்டு. வவுச்சரை வாங்கக் கட்டாயமில்லை, இழப்பீட்டில் பங்கு கேட்கும் இடைத்தரகரும் தேவையில்லை. விமான நிறுவனத்தின் தளத்திலேயே படிவம் இருக்கும். ஒட்டுப்போட்ட டிக்கெட்டில் வந்தால் இந்த உரிமையும் அடிபடும். முதல் விமானம் எவ்வளவு தாமதம் என்று மட்டுமே பார்ப்பார்கள். சென்னைக்கு எப்போது வந்தீர்கள் என்பது கணக்கில் வராது.

ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பதை ரொக்கமாகவோ யு.பி.ஐ.யிலோ செய்யாமல் கிரெடிட் கார்டில் செய்யுங்கள். டிக்கெட் அடிக்கவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் மறுப்புப் பதிவு செய்ய முடியும். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில், பி.டி.எஃப்., வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.